கொலஸ்ட்ரோல் கூடினால் கழுத்தையும் பாருங்கள்

தோட்டத்தில் மருத்துவ முகாம் போட்டால் நம் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். பிரஷர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், கொலஸ்ட்ரோல் பார்க்கிறார்கள். கொலஸ்ட்ரோல் கூடியிருந்தால் கையில் ஒரு துண்டும் காதில் ஒரு புத்திமதியும் கிடைக்கும். எண்ணெயைக் குறையுங்கள், தேங்காயைக் குறையுங்கள், இறைச்சியைக் குறையுங்கள், உடம்பை அசையுங்கள்.

காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, நாள் முழுக்கக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கும் பெண்ணிடம் “உடம்பை அசையுங்கள்” என்கிறார்கள். அவளும் தலையாட்டிவிட்டு வருகிறாள். அடுத்த மாதம் தேங்காயைக் குறைக்கிறாள். அதற்கடுத்த மாதம் வாரத்துக்கு ஒருமுறை வாங்கிய இறைச்சியையும் நிறுத்துகிறாள். மறுபடி பார்த்தால் கொலஸ்ட்ரோல் அப்படியே நிற்கிறது. “நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை” என்று திட்டும் விழுகிறது.

உணவுக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பாம் எண்ணெயில் பொரித்தவை, சாராயம், பீடி, சிகரெட் எல்லாம் இதயத்துக்குக் கேடு என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரத்தத்தில் கொழுப்புக் கூடுவதற்கு வாய் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுவதைத்தான் நாம் ஏற்கவில்லை. கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. தைரொயிட் என்று அதைச் சொல்கிறோம். அது சோர்ந்துபோனாலும் கொலஸ்ட்ரோல் ஏறும். அந்தச் சுரப்பியை யாரும் பார்க்காமலே நம் மக்களில் பலர் கிளினிக் கொப்பியோடு அலைகிறார்கள். ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விடயம் இது. அந்தப் பரிசோதனை தோட்டத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

லொறி வராத நாள்

தைரொயிட்டுக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் என்ன தொடர்பு? கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து சாக்குச் சாக்காகக் கொழுந்து வருகிறது. லொறி வந்து ஏற்றிக்கொண்டு பெக்டரிக்குப் போகிறது. லொறி ஒழுங்காக வரும்வரை மடுவத்தில் ஒன்றும் தேங்காது. லொறி வராத நாளில், கொழுந்து குறைவாகப் பறித்திருந்தாலும் சாக்குகள் குவிந்துவிடும்.

நம் இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ரோலை, அதாவது எல்.டி.எல். கொழுப்பை, பிடித்து அகற்றுவது கல்லீரல். கல்லீரல் கலங்களின் மேல் அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவைதான் நம் லொறிகள். எத்தனை ஏற்பிகள் வேலைக்கு வர வேண்டும் என்பதில் தைரொயிட் ஹோர்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோர்மோன் குறைந்தால் ஏற்பிகள் குறைகின்றன. கல்லீரல் கொலஸ்ட்ரோலைப் பித்தமாக மாற்றி வெளியேற்றுவதும் மந்தமாகிறது. ஹோர்மோன் குறைந்த உடம்பில் கொலஸ்ட்ரோல் உற்பத்தியும் சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆனால் அகற்றும் வேலை அதைவிட அதிகமாகக் குறைவதால் கடைசியில் இரத்தத்தில் கொழுப்புத் தேங்குகிறது. வாயைக் கட்டிய பின்னும் சிலருக்குக் கொலஸ்ட்ரோல் இறங்காததன் இரகசியம் இதுதான். சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்பவர்களுக்கு நேர்மாறாகக் கொலஸ்ட்ரோல் இறங்கிவிடும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விடயம் இல்லை. தைரொயிட் ஹோர்மோனை நேரடியாக அளக்கும் பரிசோதனைகள் வருவதற்கு முன்பே, 1930களில், நோயாளியின் கொலஸ்ட்ரோல் அளவைப் பார்த்து மருத்துவர்கள் தைரொயிட் குறைவை ஊகித்தார்கள். தைரொயிட் மருந்து கொடுத்ததும் கொலஸ்ட்ரோல் இறங்குவதையும் கண்டார்கள்.

இன்று அளப்பதற்கு டி.எஸ்.எச். என்ற பரிசோதனை இருக்கிறது. அது தைரொயிட் ஹோர்மோனை அளப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைரொயிட்டுக்குக் கொடுக்கும் கட்டளையை அளக்கிறது. கங்காணியின் சத்தத்தை வைத்து மலையில் வேலை எப்படி நடக்கிறது என்று ஊகிப்பதைப் போன்றது இது. தைரொயிட் ஒழுங்காக வேலை செய்தால் பிட்யூட்டரி அமைதியாக இருக்கும். தைரொயிட் சோர்ந்தால் பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டும், டி.எஸ்.எச். ஏறும். ஆகவே டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைரொயிட் குறைந்திருக்கிறது என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, “தைரொயிட் கூடிவிட்டது” என்கிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வழி, ஆண்களுக்கு ஒரு வழி

தைரொயிட் குறைவு ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. பிள்ளை பெற்ற பின் சில மாதங்களில் சிலருக்கு வரும். நாற்பது, ஐம்பது வயதில் இன்னும் பலருக்கு வரும்.

அதே வயதில்தான் மாதவிடாயும் நிற்கிறது. ஈஸ்ட்ரஜன் குறைவதால் எல்.டி.எல். கொழுப்புத் தானாகவே ஏறும் காலம் அது. இரண்டு காரணங்கள் ஒரே வயதில் ஒரே உடம்பில் சேர்ந்து வந்தால் எது எதனால் என்று எப்படிப் பிரித்தறிவது? அசதி, எடை கூடுதல், தூக்கம் கெடுதல், மனம் சோர்தல் எல்லாம் இரண்டிலும் வரும். “இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான்” என்று கிளினிக்கிலும் சொல்கிறார்கள், வீட்டிலும் சொல்கிறார்கள். பரிசோதனை செய்யாமல் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆண்களின் கதை வேறு. அவர்களுக்கு இந்தக் குறைபாடு அரிதாகவே வருவதால் யாரும் சந்தேகப்படுவதே இல்லை. கவ்வாத்து வெட்டும், மருந்து அடிக்கும் ஒரு ஆணுக்குக் கொலஸ்ட்ரோல் கூடினால், “குடியை நிறுத்து, பீடியை நிறுத்து” என்பதோடு விசாரணை முடிந்துவிடும். நிறுத்த வேண்டியதுதான். ஆனால் குடிக்காத, புகைக்காத ஆணுக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது. வருவது குறைவு என்றாலும் வந்துவிட்டால் ஆணின் கொலஸ்ட்ரோலும் பெண்ணின் கொலஸ்ட்ரோலைப் போலவே ஏறும்.

நோர்வே நாட்டில் ஒரு மாவட்டத்து மக்களையே திரட்டி நடத்திய ஹன்ட் ஆய்வு இதில் முக்கியமானது. தைரொயிட் நோய் இருப்பதாக அறியப்படாத 30,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை அங்கே பார்த்தார்கள். அவர்களுடைய டி.எஸ்.எச். வழமையான எல்லைக்குள்தான் இருந்தது. அந்த எல்லைக்குள்ளேயே டி.எஸ்.எச். ஏற ஏறக் கொலஸ்ட்ரோலும் ஏறியிருந்தது. ஆண்களிடமும் அப்படித்தான், பெண்களிடமும் அப்படித்தான். 2007இல் அந்த முடிவு வெளிவந்தது. மறு ஆண்டில் அதே ஆய்வின் இன்னொரு பகுதி வந்தது. எல்லைக்குள் டி.எஸ்.எச். மேற்பக்கம் இருந்த பெண்கள், கீழ்ப்பக்கம் இருந்த பெண்களைவிட இதயநோயால் அதிகம் இறந்திருந்தார்கள். ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை.

இதை வைத்து, எல்லைக்குள் டி.எஸ்.எச். உள்ள எல்லாருக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்று வாதிட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறது. மருந்து கொடுத்தால் மரணம் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் ஒன்று விளங்குகிறது. மாரடைப்பு ஆண்களின் நோய், தைரொயிட் பெண்களின் நோய் என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டிவைப்பது சரியில்லை.

சோம்பேறி என்ற பட்டம்

தைரொயிட் குறைந்தவருக்கு எப்போதும் அசதி. கை கால் கனக்கும், தசை வலிக்கும். குளிர் தாங்காது. தோல் வறளும், முடி கொட்டும், மலம் இறுகும், முகம் ஊதும், குரல் கரகரக்கும், ஞாபகம் தடுமாறும். பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போகும். நாடித்துடிப்பு மெதுவாகும்.

இந்தப் பட்டியலை நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாசித்துக் காட்டுங்கள். “இது எங்கள் எல்லாருக்கும் இருக்கிறதே” என்பார்கள். பனியில் நின்று வேலை செய்பவருக்குக் குளிராதா? கூடை சுமப்பவருக்கு முதுகு வலிக்காதா? நம் வேலையே இந்த நோயை மறைத்துவிடுகிறது. ஆகையால் நம் மக்களுக்கு அறிகுறியைப் பார்த்து நோயைப் பிடிக்கலாம் என்று காத்திருக்க முடியாது. இரத்தத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

மலையில் இது சம்பளப் பிரச்சினையும்கூட. நோய் கண்டுபிடிக்கப்படாத பெண்ணுக்கு நிரையில் மற்றவர்களோடு சேர்ந்து போக முடியாது. நிர்ணயித்த கிலோ வராது. அரைப்பேர் போடுவார்கள். கங்காணி சோம்பேறி என்பார். வீட்டில் மாமியாரும் அதையே சொல்வார். நாளடைவில் அவளே தன்னைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்குவாள். குறைந்த சம்பளத்தில் மலிவான மாவும் மலிவான எண்ணெயும்தான் வாங்க முடியும். பிறகு கிளினிக்கில் எண்ணெயைக் குறை என்பார்கள். நோய்க்காக ஒருமுறையும், நோய் தெரியாததற்காக இன்னொருமுறையும் அவள் தண்டம் கட்டுகிறாள். ஒரு தொழிற்சங்கம் கொலஸ்ட்ரோலைப் பற்றி ஏன் எழுதுகிறது என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான்.

குளிசைக்கு முன் ஒரு பரிசோதனை

கொலஸ்ட்ரோல் கூடினால் பெரும்பாலும் ஸ்டாட்டின் வகைக் குளிசை கொடுக்கிறார்கள். அது நல்ல மருந்து. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுத்துப் பல உயிர்களைக் காக்கிறது. யாரும் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அந்தக் குளிசையைத் தொடங்குமுன் தைரொயிட் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவ வழிகாட்டல்களில் உள்ள விடயம்.

அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, தைரொயிட் குறைவுதான் காரணமாக இருந்தால் அதைச் சரிசெய்தாலே கொலஸ்ட்ரோல் பெருமளவு இறங்கிவிடலாம். இரண்டாவது, தைரொயிட் குறைவைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசை பாதிக்கப்படும் ஆபத்துக் கூடுகிறது. உடலுழைப்பை நம்பி வாழும் நமக்குத் தசைவலி சின்ன விடயம் இல்லை. அதையும் வேலைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். குளிசை தொடங்கிய பின் தாங்க முடியாத தசைவலி வந்தாலோ, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனாலோ, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தைரொயிட் குறைவு உறுதியானால் தைரொக்சின் குளிசை தருவார்கள். இங்கே நம் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. விடியக்காலையில் எழுந்ததும் நமக்கு முதலில் தேத்தண்ணி. தைரொக்சினை வெறுவயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணியோ சாப்பாடோ எடுக்க வேண்டும். தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் இதைக் கட்டாயம் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் இதைச் செய்வது சுலபமில்லைதான். தலைமாட்டில் குளிசையையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, எழுந்தவுடன் விழுங்கிவிட்டு, பிறகு அடுப்பை மூட்டினால் நேரம் சரியாக இருக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி இரத்தம் பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்வார்கள். தைரொயிட் அளவு சீரான பின்தான் கொலஸ்ட்ரோலைத் திரும்பப் பார்த்து, ஸ்டாட்டின் தேவையா என்று முடிவெடுப்பது நியாயம். டி.எஸ்.எச். சற்றே கூடி ஹோர்மோன் சரியாக உள்ளவர்களுக்கு உடனே மருந்து வேண்டியதில்லை என்றும் வைத்தியர் சொல்லலாம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். தைரொக்சின் அளவுக்கு மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு தேயும். மெலியலாம் என்று பக்கத்துக் காம்பராக்காரியின் குளிசையை வாங்கிப் போடுவது ஆபத்து.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கங்களில் ஒரு காலத்தில் அயடின் குறைவால் தொண்டைக் கழலை பரவலாக இருந்தது. 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அந்த உப்பை அடுப்பங்கரையில் திறந்து வைக்காமல் மூடிய பாத்திரத்தில் வையுங்கள். ஆனால் அயடின் உப்புச் சாப்பிடுகிறோம், ஆகவே தைரொயிட் வராது என்று எண்ணிவிடாதீர்கள். மேலே சொன்ன நோயெதிர்ப்புக் கோளாறை உப்பு தடுக்காது. கூடுதலாக அயடின் சாப்பிட்டாலும் அது குணமாகாது. கோவா சாப்பிட்டால் தைரொயிட் வரும் என்ற பேச்சையும் கேட்கிறோம். சமைத்த கோவாவை அளவோடு உண்பதால் எந்தக் கேடும் இல்லை.

நாம் கேட்பது

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் மேல் சுமத்தியது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பல தோட்டங்களில் ஒரு மருத்துவ உதவியாளரும் சில குளிசைப் போத்தல்களும்தான் இருக்கின்றன. அரசாங்கம் 2011 முதல் ஆரோக்கியமான வாழ்க்கைமுறை நிலையங்களைத் திறந்து எடை, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால் வேலை நாளில் அங்கே போனால் அன்றைய பேர் போய்விடும். டி.எஸ்.எச். பார்க்கத் தனியார் லெப்புக்குத் துண்டு எழுதினால், பஸ் காசும் பரிசோதனைக் காசும் நம் தலையில்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. தோட்டத்திலோ அரசாங்க நிலையத்திலோ கொலஸ்ட்ரோல் கூடியதாகக் காணப்படும் ஒவ்வொருவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், ஸ்டாட்டின் தொடங்குமுன் ஒருமுறை டி.எஸ்.எச். பரிசோதனை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யப்பட வேண்டும்.

2. கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். கிளினிக் கொப்பியில் உள்ள முத்திரையே அதற்குப் போதிய அத்தாட்சி.

3. வைத்தியர் உறுதிசெய்த தைரொயிட் நோயாளிகளுக்கு, மருந்து சீராகும்வரை கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் போடக் கூடாது.

4. மருந்துத் துண்டிலும் ஆலோசனையிலும் தமிழ் இருக்க வேண்டும். வெறுவயிற்றில் போட வேண்டிய குளிசையைச் சாப்பாட்டோடு போடுபவர், அறிவுரை புரியாததால்தான் போடுகிறார்.

நிர்வாகம் இதைச் செலவு என்று சொல்லும். ஒரு தொழிலாளி அசதியோடு ஆண்டு முழுக்க அரைப்பேருக்கு வேலை செய்வதால் போகும் கொழுந்தை அவர்கள் கணக்குப் பார்த்ததுண்டா? ஐம்பது வயதில் மாரடைப்பில் விழுபவரின் குடும்பத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு வேலை தருகிறோம். அடுத்த கூட்டத்தில், உங்கள் தோட்டத்தில் கொலஸ்ட்ரோல் குளிசை குடிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் டி.எஸ்.எச். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நோய் அவரவர் சொந்த விடயம். அந்த எண்ணிக்கைகளைத் திரட்டிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரியிடமும் நிர்வாகத்திடமும் பேசப் போவோம்.

35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அழைப்பு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள், அக்காமாரே. போகும்போது கழுத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொலஸ்ட்ரோல் கூடியிருப்பதாகச் சொன்னால், அண்ணன்மாரும் அக்காமாரும் பயப்படாமல் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “டொக்டர், எனக்குத் தைரொயிட் பார்த்தாச்சா?”